கடைசிப் பல்

வெள்ளைக்கரடு, பள்ளிபாளையம் வழி
21-5-1939

டாக்டர் குழந்தைவேல் அவர்களுக்கு,

உங்களோடு பிறந்த சௌந்திரம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். மூன்று வருஷமாக இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு ஒரு கார்டுகூடப் போனதில்லை. போகவும் கூடாது என்றுதான் இருந்தேன். என் மகள் பழனியம்மாளின் கல்யாணப் பந்தலில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவள் வாயைப் பிளந்து பார்த்து, 'பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை, இந்தக் கல்யாணம் சட்டப்படி குற்றம்' என்று சொன்ன தாய்மாமன் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். அவர்கள் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வடித்து வைத்த சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன். அதையெல்லாம் பேச இப்போது எழுதவில்லை.

உங்கள் மச்சானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கொலைக் கேஸ்.

ஆற்றோரத் தோட்டத்தில் பாழாய்க் கிடந்த கிணற்றை இந்தக் கோடையில் தூர் வாரினோம். சேற்றோடு ஒரு மண்டை ஓடும் எலும்புகளும் வந்தன. வாய்க்கால் தண்ணீருக்காக உங்கள் மச்சானோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்த பங்காளி அப்புசாமி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சண்டை நடந்த வாரமே காணாமல் போனது உங்களுக்குத் தெரியும். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. இப்போது அவர் பெண்சாதி நல்லம்மாள், "எம் புருசனக் கொன்னு கெணத்துல போட்டுட்டாங்க" என்று தெருவில் உருண்டு அழுகிறாள். மணியக்காரர் சுப்பையன் பஞ்சாயத்தாரோடு வந்தார். தாடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பல்லு மழுங்கத் தேஞ்சு போச்சுங்க. நாப்பதுக்குக் கொறையாதுங்க" என்றார். அப்புசாமிக்கு அப்போது நாற்பது. எங்கள் பக்கத்து டாக்டரும் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எலும்புகள் உங்கள் வைத்தியக் கல்லூரிக்குத்தான் வருகின்றன என்று நம் வக்கீல் வெங்கடாசலம் சொன்னார். பல்லைப் பார்த்து வயது சொல்லும் வித்தையை என் மகளிடம் காட்டினீர்கள். இப்போது என் தாலிக்காகக் காட்டுங்கள். அது அப்புசாமி இல்லை என்று எழுதுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சௌந்திரம்


சென்னை
26-5-1939

அன்புள்ள அக்கா,

'டாக்டர் அவர்களுக்கு' என்று நீ எழுதியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். 'நீங்கள்' என்று எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைத் திட்டுவதென்றால் 'நீ' என்று திட்டு.

மச்சானுக்கா இப்படி என்று நம்ப முடியவில்லை. கோபம் வந்தால் மண்வெட்டியைத் தூக்குவார், உண்மைதான். அடுத்த நாழிகையே அதே ஆளைக் கூப்பிட்டு மோர் கொடுப்பவர் அவர்.

நீ அனுப்பிய செய்திக்கு முன்பே பெட்டி வந்துவிட்டது. 'வெள்ளைக்கரடு' என்று மேலே எழுதியிருந்தது. நேராகப் போய் எங்கள் பெரிய டாக்டரிடம், "குற்றம் சாட்டப்பட்டவர் என் அக்காள் புருஷன், இந்த வேலையிலிருந்து என்னை விலக்கிவிடுங்கள்" என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிக்கை என்னுடையது. நீ கையெழுத்துப் போட வேண்டாம். பக்கத்தில் நின்று பார்க்கலாம், தோன்றுவதைச் சொல்லலாம்" என்றார்.

அக்கா, ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ கேட்டதை என்னால் எழுத முடியாது. பல் சொல்வதைத்தான் எழுத முடியும். நாற்பது என்று சொன்னால் நாற்பது என்றுதான் பெரிய டாக்டர் எழுதுவார். நானும் தடுக்க மாட்டேன்.

முதல் பார்வைக்குப் பற்கள் நன்றாகத் தேய்ந்துதான் இருக்கின்றன. மேல்வரிசையில் ஒரு முன்பல்லின் ஓரம் உடைந்திருக்கிறது. பழைய உடைவு, உயிரோடு இருந்தபோதே உடைந்தது. இதற்கு மேல் இன்னும் பார்க்கவில்லை. பஞ்சாயத்தார் தாடையை எப்படிப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று நீ பார்த்ததை அப்படியே எழுது.

பழனியம்மாள் விஷயம். நீ எழுதிய குற்றத்தை நான் மறுக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் ஏசிக்கொள்.

உன் தம்பி
குழந்தைவேல்


வெள்ளைக்கரடு
1-6-1939

குழந்தைவேலுக்கு,

'நீ' என்றே எழுதுகிறேன், இப்போது சந்தோஷமா? நாற்பது என்றால் நாற்பது என்று எழுதுவாயாமே. உன்னை இடுப்பில் சுமந்துகொண்டு திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனவள் நான். என் புருஷன் கழுத்துக்குக் கயிறு என்றாலும் உனக்குப் பல்தான் பெரிது. படித்த படிப்பு அப்படி.

சேலம் ஜெயிலுக்குப் போய் உன் மச்சானைப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். "மாடுகளுக்குத் தண்ணி காட்டறாங்களா" என்று கேட்டார். நான் வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். சுப்பையன் தாடையை எப்படிப் பார்த்தார் என்றால், மாட்டைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். அவர் வேறு எப்படிப் பார்ப்பார்? இந்தச் சுற்று வட்டாரத்தில் காளை வாங்குகிறவன் எவனும் அவரைக் கூப்பிடாமல் சந்தைக்குப் போக மாட்டான். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடைசி முன்பல்லும் முளைத்துக் கடை சேர்ந்தது, அதுவும் மழுங்கிக் கடை தேய்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் வயது சொல்வார். எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும். எங்கள் வீட்டு மயிலைக் காளைகளுக்குப் பல் பார்த்து வாங்கியவளே நான்தான். சுப்பையன் கீழ்த்தாடையைத் துண்டில் துடைத்தார், கட்டை விரலால் முன்பற்களைத் தடவினார், "கடை தேஞ்ச வாயிங்க இது" என்றார். மற்றவர்களும் அதையே தடவிப் பார்த்துத் தலையாட்டினார்கள். மகஜரில் கைநாட்டு வைத்தார்கள். மண்டை ஓட்டை யாரும் தொடவில்லை. சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். நானும் எட்டி நின்று பார்த்தேன். கீழ் முன்பல் மொட்டையாகத்தான் இருந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பழனியம்மாள் இந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்க வந்தாள். நான் விடவில்லை. அவள் உன்னிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

சௌந்திரம்


சென்னை
8-6-1939

அக்கா, அக்கா,

உட்கார்ந்து படி. கையில் பாத்திரம் இருந்தால் கீழே வை.

உன் கடிதத்தைப் பெரிய டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். சுப்பையன் முன்பல்லைத் தடவிய இடம் வந்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான் உண்டு. மேலே வெறும் ஈறு. அதனால் மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள் கீழ் முன்பல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனுஷத் தாடையையும் பார்த்திருக்கிறார்கள். மேல்வரிசையைப் பார்க்கவில்லை. கடைவாய்க்குள் விரலே போகவில்லை.

கடைவாயில்தான் விஷயம் இருக்கிறது. மனுஷனுக்குக் கடைசியாக முளைக்கும் கடைவாய்ப் பல் இந்த ஆளுக்கு அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அது ஒரு துளி தேயவில்லை, புத்தம் புதியது. எக்ஸ்ரே படம் எடுத்தோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பல்லின் வேர் இன்னும் முடியவில்லை அக்கா. நுனி திறந்து கிடக்கிறது. பல் முளைத்த பிறகும் வேர் மெல்ல மெல்ல வளர்ந்து, இருபதைத் தாண்டி எப்போதோதான் நுனி மூடும். நாற்பது வயதுக்காரன் வாயில் இப்படி ஒரு வேர் இருக்கவே முடியாது. இது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். அப்புசாமி இல்லை. இதை உனக்காகச் சொல்லவில்லை, பல் சொல்கிறது.

ஆனால் முழுக்கச் சந்தோஷப்பட்டுவிடாதே. பெரிய டாக்டர் ஒரு முட்டுக்கட்டை போடுகிறார். "மற்ற பற்கள் ஏன் இப்படித் தேய்ந்திருக்கின்றன? வேர் பதினெட்டு என்கிறது, தேய்மானம் நாற்பது என்கிறது. ஒரே வாயில் இரண்டு சாட்சி. கண்ணுக்குத் தெரிகிற தேய்மானத்தை விட்டுவிட்டு எக்ஸ்ரே நிழலைக் கோர்ட்டு நம்புமா?" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான்.

அப்போது எனக்கு உன் வீட்டு ராகிக் களி நினைவுக்கு வந்தது. கோபித்துக்கொள்ளாதே. வாயில் வைத்தால் நறநறவென்று இருக்கும். உங்கள் ஊரில் திருகைக்குக் கல் எங்கே எடுக்கிறீர்கள்? ஊர்க் குன்றான அந்த வெள்ளைக்கரட்டுக் கல்தானே? நகத்தால் கீறினால் பொடி உதிரும் கல் அது. உடனே இரண்டு காரியம் செய். உன் திருகையில் அரைத்த ராகி மாவை ஒரு டப்பாவில் போட்டு அனுப்பு. ஊரில் இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வாயைத் திறந்து பார்த்து எழுது. மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்தவள் நீ. இந்த முறை கடைவாய் வரைக்கும் பார்.

குழந்தைவேல்


வெள்ளைக்கரடு
15-6-1939

தம்பி குழந்தைவேலுக்கு,

உன் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் குடத்தை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினெட்டா, நிஜமாகவா? மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க முடியுமா?

மாவு டப்பா இன்று தபாலில் போகிறது. தபால்காரர் குலுக்கிப் பார்த்து, "மெட்ராசுல ராகி கெடைக்கறதில்லீங்களா" என்று கேட்டார். டாக்டருக்கு மருந்து என்றேன்.

நீ கொடுத்த வேலையை ஆரம்பித்தபோது வெட்கமாக இருந்தது. என் புருஷன் ஜெயிலில், நான் தெருத்தெருவாக வாய் பார்த்துக்கொண்டு போகிறேன். சிலர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, பாவம் என்று வாயைத் திறந்தார்கள். சிலர் அடித்து விரட்டாத குறை. ஆனால் பார்க்கப் பார்க்க என் தூக்கம் போய்விட்டது தம்பி. இங்கே பிறந்து வளர்ந்த சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் முன்பல் மொட்டை. கடைவாய்ப் பற்கள் தட்டையாக இருக்கின்றன. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் வாயைச் சுப்பையன் கையில் கொடுத்தால், கிழவன் என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் நானாகக் கண்டுபிடித்தது ஒன்று. இதை நீ சொல்லவில்லை. மேச்சேரியிலிருந்து போன வருஷம் வாழ்க்கைப்பட்டு வந்த சாலம்மாளுக்கு வயது இருபதுக்கு மேல். அவள் பல் முனை முனையாக, ரம்பம் மாதிரி இருக்கிறது. உடனே எனக்குப் பொறி தட்டியது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களை ஒரு பக்கமும், இந்த ஊரிலேயே பிறந்தவர்களை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். வந்தவளுக்குப் பல் இருக்கிறது. பிறந்தவளுக்கு இல்லை. கண்ணாடியை எடுத்து என் வாயையும் பார்த்தேன். பிறகு பழனியம்மாளைக் கூப்பிட்டு அவள் வாயைப் பார்த்தேன். நான் திருச்செங்கோட்டில் கருங்கல் திருகை மாவு தின்று வளர்ந்தவள். அவள் பால் மறந்த நாள் முதல் இந்தக் கல்லைத் தின்கிறாள். பெற்ற என்னைவிட அவள் பல் தேய்ந்திருக்கிறது தம்பி. ஒரு நிமிஷம் அவளைக் கட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் குதிக்கலாம் போல் இருந்தது.

இது போதுமா? சொல்.

அக்கா
சௌந்திரம்


சென்னை
22-6-1939

அன்புள்ள அக்கா,

போதுமாவா? உன் கடிதத்தைப் பெரிய டாக்டர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். 'வந்தவளுக்குப் பல் இருக்கிறது, பிறந்தவளுக்கு இல்லை' என்ற வரியைக் கேட்டுவிட்டு, "உன் அக்காளைக் கல்லூரியில் சேர்த்திருக்க வேண்டும்" என்றார். இது நான் சேர்த்தது இல்லை, அவரே சொன்னது.

மாவைத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதந்ததை வடித்துவிட்டு, அடியில் தங்கியதைத் தாளில் கொட்டிக் காயவைத்தோம். வெள்ளை மணல். விரலில் வைத்துத் தேய்த்தால் கரகரக்கிறது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் உற்சாகத்தில் என் முதுகில் ஒரு அடி வைத்தார். இன்னும் வலிக்கிறது. செத்த பையனும் வெள்ளைக்கரட்டு மாவு தின்று வளர்ந்தவன்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அவன் யார் என்பதுதான் தெரியவில்லை. உங்கள் ஊரில் அந்த வயதில் செத்தவன், தொலைந்தவன் யாராவது உண்டா?

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி சங்ககிரி கோர்ட்டில் விசாரணை. பெரிய டாக்டரே சாட்சி சொல்ல வருகிறார். ஆனால் வக்கீல் வெங்கடாசலம் எனக்கு எழுதியிருப்பதைக் கேள். மாவை அனுப்பியது குற்றம் சாட்டப்பட்டவரின் பெண்சாதி, வாங்கியது அவள் தம்பி, அதனால் மாவைக் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளாது என்கிறார். உயிருள்ள ஒரு வாயை மாஜிஸ்திரேட்டு தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அந்த ஊரிலேயே பிறந்த ஆளாக, வயது இன்னது என்று ஊரே ஒப்புக்கொள்கிற ஆளாக இருக்க வேண்டும்.

அக்கா, இதை எழுதக் கை வரவில்லை. பழனியம்மாள் காவேரியில் பெரிய வெள்ளம் வந்த வருஷம், ஆடியில் பிறந்தவள். தண்ணீர் தெருவுக்கு வந்தபோது உன்னைக் கட்டிலோடு கரட்டு மேல் தூக்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவள் வயதை யாரும் மறுக்க முடியாது. உன்னைத் தவிர யாரும் மறுத்ததும் இல்லை.

வேறு யாராவது கிடைத்தால் அவர்களையே கூட்டி வா. கிடைக்காவிட்டால் யோசி.

குழந்தைவேல்


வெள்ளைக்கரடு
27-6-1939

குழந்தைவேலுக்கு,

மாட்டேன்.

ஒரு தடவை பந்தலில் அவள் வாயைத் திறந்தாய். மூன்று வருஷமாக அவளை யாரும் பெண் கேட்டு வரவில்லை. "டாக்டரு பல்லுப் பாத்த புள்ளைதான" என்று சிரிக்கிறார்கள். இப்போது கோர்ட்டில், கண்ட ஆண்பிள்ளைகள் முன்னால், தொப்பி போட்ட அதிகாரி முன்னால் திறக்க வேண்டுமா? நாளைக்கு எவன் வந்து இவளைக் கட்டுவான்?

வேறு ஆளைத் தேடிப் பார்த்தேன். வாயைக் காட்டியவர்கள் எல்லாம் கோர்ட்டு என்றதும் மூடிக்கொண்டார்கள். சுப்பையன் பேச்சுக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. காணாமல் போனவர்கள் என்று நீ கேட்டாய். அப்புசாமியைத் தவிர யாரும் இல்லை. மேட்டூர் அணைக்கட்டு வேலைக்கும் கண்டிக்கும் போன பையன்கள் இருக்கிறார்கள். போனவர்களைத் தொலைந்தவர்கள் என்று யார் சொல்வார்கள்?

உன் பெரிய டாக்டரின் வாய்ச்சொல் போதாதென்றால் அப்புறம் என்ன பெரிய டாக்டர்?

சௌந்திரம்


சென்னை
2-7-1939

அன்புள்ள அக்கா,

நீ சொன்னது சரி. இனி கேட்க மாட்டேன்.

ஆனால் உன்னிடம் எதையும் மறைக்கவும் மாட்டேன். தேய்மானத்துக்குக் கண் முன்னால் சாட்சி இல்லாவிட்டால் கேஸ் சேலம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். அங்கே மாதக் கணக்கில் இழுக்கும். முடிவு எப்படி வரும் என்று சொல்ல முடியாது. பல்லின் வேர் பொய் சொல்லாது, அதை வைத்து வாதாடுவோம்.

பத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குவேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. மச்சானுக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டுப் போகிறேன்.

குழந்தைவேல்


ரயிலில், ஜோலார்பேட்டை தாண்டி
19-7-1939

அக்கா,

பெரிய டாக்டர் எதிரே உட்கார்ந்து தூங்குகிறார். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது. நீ உன் கண்ணால் பார்த்ததையே உனக்கு எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

கோர்ட்டு வாசலில் உன் வண்டி வந்து நின்றபோது நீ மட்டும் இறங்குவாய் என்று நினைத்தேன். பின்னாலேயே பழனியம்மாள் குதித்தாள். என்ன உயரம் வளர்ந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுப்பையனைக் கூண்டில் ஏற்றி வெங்கடாசலம், "மேல்வரிசைப் பல்லைப் பார்த்தீரா?" என்று கேட்டாரே. "மேல்பல்லுல என்னங்க இருக்குது பாக்கறதுக்கு? எந்த மாட்டுக்குங்க மேல்பல்லு இருக்குது?" என்று அவர் எவ்வளவு பவ்வியமாகச் சொன்னார். கோர்ட்டே சிரித்தது. பாவம், அவர் மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தார். அப்புறம் பெரிய டாக்டர் அறிக்கையை வரி வரியாகத் தமிழில் சொன்னார். திறந்த வேர், தேயாத கடைசிப் பல், ஓரம் உடைந்த மேல் முன்பல், எல்லாவற்றையும் சொன்னார். அப்போது ஜன்னல் ஓரம் கூட்டத்தில் ஏதோ சலசலப்பு. நான் கவனிக்கவில்லை.

நீ கூண்டில் ஏறினாய். சர்க்கார் வக்கீல் அந்தப் பழைய கல்யாணக் கதையை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து கேட்டார்: "மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெண்ணுக்குப் பதினான்கு என்று சொல்லிக் கல்யாணம் வைத்தவள் நீதானே? அப்படியானால் இப்போது பதினேழு. எது பொய்?" உன் பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "வெள்ளத்து வருசம் ஆடியில பொறந்தவளுங்க. இந்த ஆடிக்குப் பதினஞ்சு. அன்னிக்குச் சொன்னது கல்யாணத்துக்குங்க. இன்னிக்குச் சொல்றது எம் புருசன் உசுருக்குங்க."

மாஜிஸ்திரேட்டு எழுந்து வந்து பழனியம்மாளின் வாயைப் பார்த்தார். அவள் என்னவோ கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவள்போல் அண்ணாந்து நின்றாள். அவர் கையில் அந்தத் தாடையும் இருந்தது. அதைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா ஓடிய வேகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் உன்னிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. உத்தரவு என்ன ஆனது என்று உடனே எழுது. நீ ஏன் மனம் மாறினாய் என்பதையும் எழுது.

குழந்தைவேல்


வெள்ளைக்கரடு
25-7-1939

சாமி குழந்தைவேலு,

உன் மச்சான் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். கேஸைத் தள்ளிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தொட்டிக் கல் மேலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். நல்லம்மாளும் வந்து உன் மச்சான் காலில் விழுந்தாள். கிணற்றில் கிடந்தது தன் புருஷன் இல்லை என்றதும் தாலிக் கயிறு திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறாள். அப்புசாமி எந்தக் கண்டியில் இருக்கிறாரோ, ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?

நீ கவனிக்காத சலசலப்பு என்ன தெரியுமா? ஆராயி. ஆடு மேய்க்கிற ஆராயி, ஆற்றோரக் குடிசைக்காரி. நீ ரயிலுக்கு ஓடிய பிறகு வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, மேல்பல்லுல ஓரம் ஒடஞ்சிருந்துச்சுன்னு அந்த டாக்டரு சொன்னாருங்களே. முன்னாலங்களா, எடது பக்கங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "கெடா முட்டி ஒடஞ்சுதுங்க. எம் மவன் ஆண்டிக்குங்க" என்றாள். மேட்டூர் அணைக்கட்டு வேலைக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பியவன் அவன். அந்தக் கிணற்றோரம்தான் பாதை. மீசை அரும்பாத வயது. அணை கட்டி முடிந்தும் வரவில்லையே, அங்கேயே எவளையோ கட்டிக்கொண்டான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இருட்டில் கால் தவறி விழுந்து, இத்தனை வருஷமும் பக்கத்திலேயே கிடந்திருக்கிறான் பிள்ளை. யாராவது ஒருத்தர் மேல்பல்லைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் எட்டி நின்று கீழ்ப்பல்லைத்தான் பார்த்தேன். எலும்பைக் கொடுத்துவிடுவார்களா என்று கேட்டு எழுது. தோட்டத்து மூலையில் புதைக்க உன் மச்சான் இடம் கொடுத்திருக்கிறார். நான் தினமும் போய் அவளோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் பாயசம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ கேட்ட கடைசிக் கேள்வி. நான் மனம் மாறவில்லை. விசாரணைக்கு முதல் நாள் வண்டி கட்டும்போது, பழனியம்மாள் என்னைக் கேட்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கடி என்றேன். "அப்பாவத் தூக்குல போட்டுட்டா அப்பறம் எனக்கு எதுக்கும்மா மாப்பிள்ளை?" என்றாள். உன் மாமன் ஒரு தடவை உன் வாயைப் பிளந்தது போதாதா என்று கத்தினேன். அப்போது அவள் சொன்னாள்.

"மாமா என்னக் கேக்கவே இல்லம்மா. பந்தல்ல அப்பாகிட்ட, பல்லப் பாத்து வயசு சொல்ற படிப்புப் படிக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நானாத்தான் மாமாகிட்டப் போயி, பாருங்க மாமான்னு வாயத் தொறந்து நின்னேன். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்னு யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

வண்டியில் கை வைத்தபடி நின்றுவிட்டேன் சாமி. மூன்று வருஷம் உன்னை எப்படியெல்லாம் ஏசினேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் நான் அவளை என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தானே வாயை மூடிக்கொண்டு இருந்தாய்? இந்த ஆடி பதினெட்டுக்கு நீ வர வேண்டும். வராவிட்டால் நான் மெட்ராசுக்கு வந்து உன் பெரிய டாக்டர் முன்னால் உன் காதைத் திருகுவேன். வீட்டில் களி கிண்டுவேன். பயப்படாதே, உன் மச்சான் வந்ததும் முதல் வேலையாகத் திருச்செங்கோட்டுக்குப் போய்க் கருங்கல் திருகை ஒன்று சொல்லிவிட்டு வந்தார். பழையது மாட்டுத் தொழுவத்தில் கவிழ்ந்து கிடக்கிறது.

பழனியம்மாள் மறுபடியும் பேனாவுக்கு நிற்கிறாள். அன்றைக்குக் கொடுக்காத ஒரு வரியை இன்றைக்குக் கொடுக்கிறேன். மீதி இடம் அவளுடையது.

மாமாவுக்கு, பழனியம்மாள். அம்மா நேற்றிலிருந்து மறுபடியும் மாப்பிள்ளை பேச்சை எடுக்கிறாள். நான் கண்ணாடியில் நன்றாகப் பார்த்துவிட்டேன், எனக்குக் கடைசிப் பல் இன்னும் முளைக்கவில்லை. அது முளைத்து வேர் மூடும் வரைக்கும் பேசக் கூடாது என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். நீங்கள் பல்லைப் பற்றிச் சொன்னால் அம்மா இப்போதெல்லாம் நம்புகிறாள்.